இழுப்பறைக்குப் பின்னால்

பழைய புத்தகம் என்றால் எனக்குப் பசி தெரியாது. அதற்காகவே காந்தி வீதி ஞாயிறு சந்தைக்குப் போவேன். இந்த வாரம் புத்தகக் குவியலுக்குப் பக்கத்தில் நூலகத்துத் தேக்கு அலமாரி ஒன்று நின்றது. புத்தகங்களின் பெயரெழுதிய அட்டைகளை அடுக்கிவைக்கும் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒன்றை இழுத்தேன். பாச்சை உருண்டை வாசனை வந்தது.

ஐந்தாம் வகுப்பில் முத்தியால்பேட்டையிலிருந்து நூலகத்துக்கு நடந்தே போவேன். எனக்குப் பிடித்த புத்தகத்தை வேறு யாரும் கேட்டுவிடக் கூடாதென்று, அதன் அட்டையை உருவி இழுப்பறைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அடுத்த வாரம் திரும்ப வைத்துவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் அட்டைகளைச் சரிபார்க்கும் நாள் வந்துவிட்டது.

அட்டை அடுக்கும் மரகதக்கா தற்காலிக வேலையில் இருந்தவர். நூலகர் எல்லார் முன்னாலும் அவரைத் திட்டினார். அக்கா என்னிடம் குனிந்து கேட்டார்.

“நீ பாத்தியா பாப்பா?”

“இல்லக்கா.”

மறுவாரம் அவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

சந்தையில் அந்த இழுப்பறையை முழுதாகக் கழற்றி, உள்ளே கைவிட்டுத் துழாவினேன். விரலெல்லாம் தூசி.

“இன்னாக்கா தேடுறீங்க?” என்றார் கடைக்காரர்.

“ஒண்ணுமில்லப்பா” என்று சொல்லிவிட்டு, அடுத்த இழுப்பறையைக் கழற்றினேன்.