கஸின்னா என்ன முறை?

ரத்தோட்டை பஸ் கொண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே என் காதை உற்றுப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எல்லோர் காதையும் அப்படித்தான் பார்ப்பார். சிறுவயதில் கப்பலேறி இந்தியா போய்த் தொடர்பற்றுப்போன அவருடைய அக்காவுக்கும் அவரைப் போலவே ஒட்டிய காதுமடலாம்.

அவருடைய எச்சிலை, உறவினரைத் தேடித் தரும் டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பினேன். திருச்சிப் பெண் ஒருவரோடு டிஎன்ஏவில் ஒரு சின்னத் துண்டு ஒத்துப்போனது.

"தூரத்துக் கஸின் ஒருத்தங்க இருக்காங்கண்ணே."

"கஸின்னா என்ன முறை தம்பி? தங்கச்சியா, மச்சினியா?"

"அது தெரியாதுண்ணே. அப்பா வழியா, அம்மா வழியான்னுகூடத் தெரியல."

"அப்ப என்னான்னு கூப்பிட்டு அக்காவைப் பத்திக் கேக்கிறது?"

அந்தப் பெண்ணுக்கு முறை சொல்லாமலே எழுதினேன். பதில் இல்லை. கொண்டக்டர் இன்னும் காதுகளைத்தான் பார்க்கிறார்.

நாவுலயில் இருக்கும் அவருடைய தாய்மாமன் மகனிடம் அடுத்து எச்சில் கேட்கப் போகிறேன். அதே துண்டு அவரிடமும் இருந்தால், தாய்வழி என்றாவது சொல்லலாம்.