ஒரே ரத்தம், ஒரே மாத்திரை

சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் உங்களைக் காணோமே என்று வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு வாசகி பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன் அம்மா! என் அண்ணனின் வைத்தியப் புலமை அப்படி.

பண்டசோழநல்லூரில் இருக்கும் அண்ணனுக்கு மூட்டுவாதம். டவுன் டாக்டர் அசாதையோபிரின் என்று ஒரு மாத்திரை கொடுத்தார். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி வலி போய்விடும்! அண்ணன் எழுந்து நடந்தார். நடந்தாரா... சைக்கிளே மிதித்தார்.

பிறகு எனக்கும் அதே வலி. அதே டாக்டர், அதே மாத்திரை. கூடவே ஒரு நிபந்தனை — வாரா வாரம் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டும்.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

"இன்னாத்துக்கும்மா அலையற? எனக்கு எத்தினி வாட்டி ரத்தம் எடுத்தாங்க, ஒண்ணும் இல்லன்னுதான சொன்னாங்க? ஒரே வயித்துல பொறந்தவங்க நாம. என்னுத பாத்தா உன்னுத பாத்த மாதிரிதான்!"

என்ன ஒரு விஞ்ஞானம்! என் வீட்டுக்காரர் உடனே தலையாட்டினார். "மச்சானே சொல்லிட்டாரு, அப்பறம் இன்னா?" கல்யாணமான நாளிலிருந்து என் பிறந்த வீட்டுப் பேச்சை அவர் மதித்தது அதுதான் முதல் தடவை.

டெஸ்ட் நின்றது. மாத்திரை நிற்கவில்லை. கொஞ்ச நாளில் வாயெல்லாம் புண். உடம்புச் சூடு என்று இளநீர் வெட்டினார்கள். அப்புறம் காய்ச்சல்... ஆஸ்பத்திரிக்குப் போன டாக்ஸி மூலக்குளம் தாண்டியது எனக்கு நினைவே இல்லை.

கண் விழித்தபோது டாக்டர் என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய காலியாம். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." என்றார். செத்துப்போவேன் என்று நிஜமாகவே பயந்தேன். என் மகளை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன்.

மாத்திரையை நிறுத்தினார்கள். அணுக்கள் மெல்லத் திரும்பின. அண்ணனுக்கு ஒத்துக்கொண்டது எனக்கு ஏன் விஷமாச்சு?

"இந்த மருந்தை உடைச்சுக் கழிக்க உடம்புல ஒரு என்சைம் இருக்கும்மா," என்றார் டாக்டர். "சில பேருக்குப் பிறவியிலேயே அது வேலை செய்யாது. மருந்து உள்ள சேர்ந்து அணுக்களைக் கொன்னுடும். வெளிநாட்டுல கண்டுபிடிச்சிருக்காங்க. அதைப் பார்க்க இங்க வசதியில்ல. ஆனா உங்களுக்கு அதுதான்னு நினைக்கிறேன். அப்பாகிட்டயிருந்து ஒரு குறை, அம்மாகிட்டயிருந்து ஒரு குறை, ரெண்டும் சேர்ந்து வந்தாதான் இவ்வளவு மோசமாகும். உங்க அண்ணனுக்கு அப்படிச் சேரல... ஆமா, அப்பா அம்மா சொந்தமா?"

சொந்தமாவா? அம்மாவின் சொந்தத் தாய்மாமன்தான் அப்பா! நிலம் வெளியே போகக் கூடாது என்று செய்த கல்யாணம். நிலம் அண்ணனுக்கு வந்தது, குறை எனக்கு வந்தது. பாகப்பிரிவினையில் என்ன நேர்மை!

அண்ணன் ஆப்பிள் பையோடு பார்க்க வந்தார். "எனக்கு இன்னாம்மா தெரியும்..." என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நடிப்பில்லை, பாவம். எனக்கும் அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்த கையோடு சொன்னார்:

"நீ நல்லபடியா வூட்டுக்கு வா. உம் பொண்ண எம் பையனுக்கே முடிச்சிடலாம். சொந்தம் வுட்டுப் போவக் கூடாதும்மா."

என் மகளுக்கு வரன் தேடுகிறேன், வாசகர்களே. ஜாதகம்கூட வேண்டாம்... எங்களுக்குச் சொந்தமாக மட்டும் இருக்கக் கூடாது!