பப்பில் ஒரு பொன்னாடை

என் மனைவி ஜக் பேண்டில் சேர்ந்த விஷயம் அவளுடைய அக்காவுக்குத் தெரியக்கூடாது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

அக்கா, லண்டனில் நடக்கும் அரங்கேற்றங்களில் பாதிக்கு முன்வரிசையில் இருப்பவர். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்பார். முடிந்ததும் யாருடைய தாளம் எங்கே விலகியது என்று காரில் ஏறும்வரை சொல்வார். அவர் முன்னால் என் மனைவி ஒரு பாட்டை முணுமுணுத்துக்கூட நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள், கூட வேலை செய்பவளின் கணவர் கூப்பிட்டார் என்று போய், துணி தேய்க்கும் தகரப் பலகையை மார்பில் மாட்டி, தையல்காரர் போடும் இரும்புத் தொப்பிகளை விரல்களில் போட்டுக் கிரிச் கிரிச் என்று தேய்க்கப் பழகியிருந்தாள். அந்தக் கணவர் காலி ஜாடியின் வாயில் பூம் பூம் என்று ஊதுவார்; ஜக் என்பது அந்த ஜாடிதான். இன்னொருவர் கவிழ்த்த வாளியில் கூட்டுகிற தும்புத்தடியின் கம்பை நிறுத்தி, கயிறு கட்டிச் சுண்டுவார். குசினிச் சாமான் எல்லாம் சேர்ந்து கூத்தாடும் இசை. கேட்டால் கால் சும்மா இராது.

தென் லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற ஊர்ப் பக்கம் ஒரு பப்பில், சனிக்கிழமைப் பின்னேரம் அவளுடைய முதல் நிகழ்ச்சி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவின் கணவர் வாய் திறக்காத மனிதர் என்று நம்பி அவரிடம் மட்டும் சொன்னேன். “அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.” எங்கள் ஆட்களிடம் இப்படிச் சொல்வதும் அழைப்பிதழ் அடிப்பதும் ஒன்று.

நேரத்துக்கு வந்த சரித்திரமே இல்லாதவர்கள் அன்று பார்த்து நேரத்துக்கு வந்தார்கள். அக்கா, அண்ணை, ஒரு வான் நிறையச் சொந்தக்காரர். பட்டுச்சேலை, வேட்டி, பெட்டி நிறையப் பொரித்த ரோல்ஸ். அக்காவின் கையில் பொன்னாடை. கலை நிகழ்ச்சி என்றால் கலைஞருக்குப் பொன்னாடை போர்த்தத்தானே வேண்டும், பப்பாக இருந்தால் என்ன? பியர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழும்பி இடம் கொடுத்தார்கள். அக்கா முன் மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்த பார்வையில் இரவுச் சாப்பாடு இல்லை என்பது விளங்கியது. பாட்டு தொடங்கியது. ஜாடி ஊதியது, வாளி குதித்தது, அவள் கை மட்டும் அசையவில்லை. இனி இவள் அந்தப் பலகையைத் தொடவே மாட்டாள் என்று நினைத்தேன்.

அக்கா வழக்கம்போல் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். ஜாடிக்காரரோ அடி விழவேண்டிய இடத்தை விட்டுத் தள்ளித் தள்ளி ஊதினார். அக்காவின் கை தடுமாறியது. மறுபடி பிடித்தார், மறுபடி நழுவியது. கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தாளத்தைக் கைவிட்டு, இரண்டு கையாலும் மேசையில் அடிக்கத் தொடங்கினார். ரோல்ஸ் பெட்டி துள்ளியது. அதைக் கண்டு என் மனைவியும் சிரித்தாள். பிறகு அவள் தேய்த்த தேய்ப்பில் பப்பே எழும்பி ஆடியது. நானும் ஆடினேன். எனக்கு ஆடத் தெரியாது.

முடிந்ததும் அக்கா மேடையேறித் தங்கச்சிக்குப் பொன்னாடை போர்த்தி, காதில் ஏதோ சொன்னார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குப் போகும் டிராமில் கேட்டேன். “அக்கா என்னப்பா சொன்னவ? நல்லா இருந்தது எண்டு சொன்னவவோ?”

“அதொண்டும் சொல்லேல்லை. தானும் வந்து ஊதட்டோ, தனக்கும் ஒரு ஜாடி எடுத்துத் தர ஏலுமோ எண்டு கேட்டவ.”