மூன்று வெள்ளைக் கோடுகள்

அன்று அங்கே இருந்தவர்கள்: நான். என் மனைவியின் தம்பி சிவா. மொரிசியஸ்காரர் ராமா. அவருடைய முன்னோர் தமிழர், அவருக்குத் தமிழில் சாமிப் பெயர்களும் இன்னும் நாலைந்து சொற்களும் மட்டும் வரும். மதிலுக்கு வெளியே, தெருவில், கிரேன் ஓட்டும் சல்வோ. மாடி ஜன்னலில் வீட்டுக்கார சிஞ்ஞோரா. ஆறாவது ஆள் லொறியில் படுத்திருந்தது. ஒரு ஒலிவ மரம். நூறு வயதுக்கு மேல் என்றார்கள்.

வளர்ந்த மரத்தை லொறியில் கொண்டுவந்து நடுவதை நான் பலெர்மோவில்தான் முதலில் பார்த்தேன். எங்கள் ஊரில் கன்று வைப்போம், பிறகு காத்திருப்போம். இங்கே காத்திருக்க ஆளில்லை. சிஞ்ஞோரா தகப்பனுடைய காணியை விற்றுவிட்டார். மரத்தை மட்டும் விற்கவில்லை, தோண்டி எடுப்பித்தார். இது எனக்குப் பெரிய புதினம். நாங்கள் சண்டையில் இடம்பெயர்ந்தபோது கதவைக் கழற்றினோம். கூரை ஓட்டைக் கழற்றினோம். கிணற்று வாளியையும் கட்டிக்கொண்டோம். மரங்களைக் கழற்ற முடியும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்கு அந்த மரத்தில் ஒரு காரியம் இருந்தது. நான் ஒரு முதியவரைப் பராமரித்துவந்தேன். அவர் இறந்ததும் வேலை போனது. ஜூன் மாதம் என் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கும் அனுமதி, முடிகிறது. கொந்த்ராத்தோ, வேலை ஒப்பந்தம், இல்லாமல் அதைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸுக்குப் போய்ப் பயனில்லை. சிஞ்ஞோரா சொன்னது இதுதான்: பாஸ்குவா என்கிற ஈஸ்டருக்குள் மரத்தில் ஒரு துளிராவது வந்தால் தோட்டக்காரன் என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். வராவிட்டால் தோட்டத்தை ஒரு கொம்பனிக்குக் கொடுத்துவிடுவார்.

தை மாதம் முழுக்க அந்தத் தோட்டத்தில் நின்றேன். நாங்கள் இருக்கும் சீசாவில் பஸ் ஏறி பொலிதேயாமாவில் மாற வேண்டும். வசந்தத்துக்கு முன் செய்ய வேண்டியவை நிறைய. ரோஜாவை வெட்டினேன். எலுமிச்சைக்கு அடிமண்ணைக் கிளறி எரு போட்டேன். பிறகு மூவருமாக இரண்டு நாள் கிடங்கு வெட்டினோம். மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். பிக்கான் அலகு கல்லில் விழுந்த சத்தத்தைக் கேட்டு சிவா சொன்னான், “அத்தான், இது எங்கடை கல்லுத்தான். எங்களுக்கு முன்னமே கப்பலேறி வந்திட்டுது.”

மரம் மதிலுக்கு மேலால் வந்தது. கொப்பெல்லாம் தறித்து, வேரைச் சாக்கில் சுற்றி, கிரேன் பட்டியில் தொங்கியது. சல்வோவுக்கு உள்ளே தெரியாது. நான் மதிலில் ஏறி நின்று கை காட்டினேன். மரம் மெல்லச் சுழன்றது. அப்போதுதான் அடிமரத்தில் அதைப் பார்த்தோம். மூன்று வெள்ளைக் கோடுகள். குறுக்காக, மூன்று விரலால் இழுத்தது.

ராமா மண்வெட்டியைக் கீழே போட்டார். “திருநீறு!” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

“பாருங்கோ அத்தான், ஆள் கோயிலுக்குப் போட்டு வாறார்” என்றான் சிவா.

சிரித்தோம். ஆனால் சிரித்தபடியே ஒரு காரியம் செய்தோம். ஒருவரும் சொல்லிச் செய்யவில்லை. கயிற்றைப் பிடித்து மரத்தைத் திருப்பி அந்தக் கோடுகளைக் கிழக்கே பார்க்க வைத்தோம். வேறு எந்தப் பக்கம் வைப்பது? சாமிப் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று நாங்கள் யோசிப்பதில்லை. கை தானாகப் போகும். அப்படித்தான் போனது. மண் போட்டோம். தண்ணீர் விட்டு மிதித்தோம். மூன்று பக்கமும் முண்டு கொடுத்தோம்.

பட்டியை எடுக்க சல்வோ உள்ளே வந்தார். மரத்தைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

“வடக்கு எங்கே?” என்றார்.

காட்டினேன்.

“அப்ப என்ரை கோடு ஏன் அங்கை பாக்குது?”

மரத்தைத் தோண்டிய அன்று அவரிடம் தூரிகை இருக்கவில்லை, சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து இழுத்திருக்கிறார். அது வடக்குப் பக்கத்துக்கு அடையாளம். நூறு வருடம் வெயில் படாத பட்டை அது. மரத்தைப் பெயர்த்தால் அதே திசையில்தான் நடவேண்டும். மாறினால் ஒரு ஷிரொக்கோ அனல்காற்று போதும், பட்டை வெடித்துவிடும். அவர் வைதார். பிறகு ஜன்னலைப் பார்த்துக் குரலைத் தணித்தார்.

“திரும்பத் தூக்கினால் வேர் அறும். நான் ஒண்டும் பாக்கேல்லை. நீயும் பாக்கேல்லை.”

கோடுகளை மண்ணால் தேய்த்துவிட்டுப் போய்விட்டார். தேய்த்த இடமும் தெரிந்தது.

இரவு மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“மரம் பட்டுப்போனால் அவவுக்குத் தெரியத்தானே போகுது?”

“தெரியும்.”

“பிறகேன் பாத்துக்கொண்டிருக்கிறியள்? நாளைக்கே சொல்லிப்போடுங்கோ.”

“சொன்னால் நாளைக்கே கொம்பனி வந்திடும்.”

“வரட்டும். அந்த மரத்தை விடிய விடியப் பாத்து முழிச்சுக்கொண்டு நிக்க உங்களாலை ஏலாது.”

காலையில் சொன்னேன். என் இத்தாலியன் வேலைக்குப் போதும், விளக்கத்துக்குப் போதாது. நெற்றியில் மூன்று விரலால் இழுத்துக் காட்டினேன். கிழக்கைக் காட்டினேன். கும்பிட்டேன். சிஞ்ஞோரா நான் காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“உங்கள் நாடு அந்தப் பக்கமா?”

“ஓம், அந்தப் பக்கந்தான். ஆனால் அதுக்காக இல்லை...”

“என் அப்பாவின் மரத்தை உங்கள் நாட்டைப் பார்க்க வைத்துவிட்டீர்கள்.”

மறுபடி நெற்றியில் மூன்று விரலால் இழுத்துக் காட்டினேன். அவர் கோபப்பட்டாரா என்று தெரியவில்லை. படியேறும்போது திரும்பி நின்றார். “பாஸ்குவா என்றால் பாஸ்குவாதான்” என்றார்.

யோசித்தேன். மிளகாய்க் கன்று நட்டால் முதல் சில நாள் பூவரசங் குழை குத்தி நிழல் கொடுப்போம். கன்றுக்குச் செய்வதை மரத்துக்குச் செய்தால் என்ன? பல்லரோச் சந்தையில் எங்கள் ஆளின் கடையில் பழைய சணல் சாக்குகள் வாங்கினேன். வெள்ளைக் கோட்டுப் பக்கம் முழுவதும் சுற்றிக் கட்டினேன். காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை சாக்கை நனைத்தேன். அடியில் தண்ணீர் விடவில்லை. ஒலிவுக்கு ஈரம் கூடினால் வேர் அழுகும் என்று சல்வோ சொல்லியிருந்தார். தண்ணீர் விடாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. பக்கத்து வீட்டு மனுசி வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, மரத்துக்குக் காய்ச்சலா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

பங்குனியில் ஷிரொக்கோ வந்தது. மூன்று நாள். வானம் மஞ்சள், கார்களின் மேல் ஆபிரிக்க மண். அந்த மூன்று நாளும் மணிக்கொரு தரம் நனைத்தேன். ஒரு முறை திரும்பிப் பார்த்தால் சிஞ்ஞோரா வீட்டுச் செருப்போடு நின்றார். கையில் பூவாளி. சாக்கின் மேல் ஊற்றிவிட்டுப் போனார்.

பாஸ்குவாவுக்கு முதல் நாள் சனிக்கிழமை சிவாவும் ராமாவும் வந்தார்கள். சல்வோவும் ஏதோ வழியால் போனவர்போல வந்தார். சாக்கை அவிழ்க்கச் சொன்னார் சிஞ்ஞோரா. அவிழ்த்தேன். பட்டையில் ஒரு சிறு வெடிப்பு, விரல் நீளம். மண்ணால் தேய்த்த கோடுகள் ஈரத்தில் கழுவப்பட்டு மீண்டும் வெளுப்பாகத் தெரிந்தன. சிஞ்ஞோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரத்தைச் சுற்றி துளிர்களை எண்ணினார், இத்தாலியனில். நான் பின்னால் போய் மனதுக்குள் தமிழில் எண்ணினேன். தெற்கிலும் மேற்கிலும் பத்து. வடக்கில் இல்லை. கிழக்கே, மூன்று கோடுகளுக்குச் சற்று மேலே, அரிசியளவு ஒன்று.

ஒரு துளிர் போதும் என்றவர் எண்ணி நின்ற இடத்தில்தான் நானும் நின்றேன்.

பதினொன்று.