முதுகு மட்டும் தெரிந்த படம்

கடந்த சிறுபோகத்தில், நெல் கதிர் தள்ளுமுன் சூல் கொண்டு குடலைப் பருவத்தில் நின்ற நாட்களில் இது நடந்தது. இடம், எங்கள் ஊரான கல்முனைக்கு மேற்கே சவளக்கடைப் பக்கத்து வயல்வெளி. அங்கே எங்கள் ஊர் முஸ்லிம்களின் வயல்களும் தமிழ் மக்களின் வயல்களும் ஒரே வாய்க்காலில்தான் நீர் குடிக்கின்றன; மேற்புறம் பெரும்பாலும் அவர்களுடையது, கீழ்ப்புறம் எங்களுடையது, இடையில் ஒரு பாலம். பாடசாலை அதிபராக ஓய்வு பெற்ற என்னை இரு தரப்பாரும் சேர்ந்தே விவசாயிகள் சங்கத் தலைவராக்கியிருந்தார்கள். அந்த மரியாதையை நான் இலேசாக எடுத்துக்கொண்டவன் அல்லன்.

குடலைப் பருவத்தில் தண்ணீர் தவறினால் கதிர் பதராகிவிடும். எங்கள் முறை வந்தும் வாய்க்கால் வறண்டு கிடந்தது. பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது பள்ளிவாசல் முன்றலில் மோட்டார் சைக்கிள்களோடு இளைஞர் கூட்டம் நின்றது. எல்லோர் கைபேசியிலும் ஒரே படம். மேற்புற வாய்க்காலில் சிலர் மண் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சேறு பூசிய முதுகுகள் மட்டுமே தெரிந்தன. தமிழர்கள் நமது தண்ணீரை மறிக்கிறார்கள் என்று யாரோ அதன் கீழே எழுதியிருந்தார்கள்.

“சேர், படத்தில தெளிவா இரிக்கி. இன்னும் என்னத்தப் பாக்கிற? நீங்க முன்னுக்குப் போங்க, நாங்க பின்னால வாறம்.”

“முதுகுதானே தெரியுது. மொகம் எங்க?” என்றேன்.

“சேருக்கு அங்கால தமிழ்க் கூட்டாளிமார் கூடத்தானே” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் சிரித்தார்கள்.

அந்தச் சொல் சுட்டது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. எங்கள் வயல்வெளியில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர்ப் பிணக்கு வந்தால் மேற்புறத்தார் ஒருவரும் கீழ்ப்புறத்தார் ஒருவரும் சேர்ந்து வாய்க்காலை நடந்து பார்க்க வேண்டும். அதன் பிறகே மற்றவர்கள் வாய் திறக்கலாம். அண்மைக் காலத்தில் கைபேசி அந்த நடையை முந்திவிடுகிறது.

“பொழுதுபட, மஃரிபுக்கு முந்தி வந்து சொல்றன். அதுவரைக்கும் ஒருத்தரும் பாலத்தத் தாண்டப்படாது. நான் சொல்றது பொய்யாப் போனா, இனி என்னத் தலைவரெண்டு ஒருத்தரும் கூப்பிட வேணாம்.”

என் பெயரை அதற்கு முன் நான் எதற்கும் பணயம் வைத்ததில்லை.

மேற்புறத்தில் நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை தமிழர், என் வயதினர். தொலைபேசியில் அழைத்தேன். அவருடைய வாசலிலும் கூட்டம் கூடியிருந்தது; கல்முனையிலிருந்து அடிக்க வருகிறார்கள் என்று அங்கே ஒரு செய்தி. அவரும் தன் ஆட்களை நிறுத்திவிட்டுத் தனியே பாலத்தடிக்கு வந்தார். முழங்கால் வருத்தக்காரர். அவரை விட்டுவிட்டு ஓடலாம் போலிருந்தது எனக்கு. ஓடவில்லை. அவர் நடைக்கு என் நடையைக் குறைத்துக்கொண்டேன்.

“சேர், வெள்ளச் சாரன மடிச்சுக் கட்டுங்க. சேத்துக்கு அதிபரெண்டு தெரியாது.”

“நீங்க முழங்காலப் பாருங்க விதானையார், சாரன நான் பாத்துக்கிறன்.”

மெதுவாக நடந்ததால்தான் கண்ணில் பட்டது: மேற்புறத்துத் தமிழர் வயல்களிலும் நிலம் வெடித்துக் கிடந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாய்க்கால் வளைவில் காரணம் தெரிந்தது. யானைகள் இறங்கி வாய்க்கால் கரையை உடைத்திருந்தன. தண்ணீர் முழுவதும் தரிசு நிலத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. அதைக் கண்ட இரு தரப்பு வயற்காரரும் யாருக்கும் சொல்ல நேரமின்றி, மண் மூட்டைகளை அடுக்கி உடைப்பை அடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் திரும்பினார்.

“மாமா! நீங்க எங்க இங்கால?”

என் மகளின் கணவர். சீதனமாக நான் எழுதிக் கொடுத்த வயல் அந்த வளைவை ஒட்டியே இருக்கிறது.

“போன் எங்க, மனே?”

“தண்ணிக்குள்ள விழுந்திட்டு, மாமா.”

விதானையார் வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “சேர், தண்ணி மறிச்ச கள்ளன் உங்கட வீட்டிலதான் சோறு தின்றான்!” என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சேற்றில் நின்ற தமிழரும் முஸ்லிமும் சேர்ந்து சிரித்தார்கள். நானும்தான்.

திரும்பும் வழியில் ஒரு யோசனை வந்தது. மருமகனை விட்டுவிட்டு யானைக் கதையை மட்டும் சொன்னால் என்ன? அவரையும் சொன்னால், தலைவர் தன் குடும்பத்துக்காகக் கதை கட்டுகிறார் என்ற பேச்சு எழக்கூடும். ஆனால் பாதி உண்மைக்காக என் பெயரைப் பணயம் வைத்தவன் அல்லன் நான்.

பாலத்தடியில் அவ்வளவு பேரும் இருந்தார்கள். மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிட்டு மதகின் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சக்கரமும் பாலத்தில் ஏறியிருக்கவில்லை. முழுவதையும் சொன்னேன். படத்தின் ஓரத்தில் நிற்கும் முதுகு என் மருமகனுடையது என்றும் சொன்னேன்.

பள்ளிவாசலில் கேட்ட அதே குரல் எழுந்தது: “அப்ப சேர், உங்கட மருமகன அடிக்கத்தானா நாங்க உங்களையே முன்னுக்குப் போகச் சொன்ன?”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. மறுநாள் அதிகாலை சுபஹு தொழுகை முடிந்ததும் அதே மோட்டார் சைக்கிள்கள் மண்வெட்டிகளோடும் வெற்றுச் சாக்குகளோடும் பாலத்தைத் தாண்டின. விதானையாரின் ஆட்கள் அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அன்று மாலைக்குள் தண்ணீர் எங்கள் வயல்களைத் தொட்டது.

ஓய்வு பெற்ற நாளில் எனக்குப் பொன்னாடைகள் பல போர்த்தினார்கள். அவற்றைவிட, முதல் நாள் மாலையில் நம் பிள்ளைகள் பொறுமையோடு வெறுமையாக விட்டுவைத்த அந்தப் பாலமே எனக்குப் பெருமை. இப்போது கைபேசியில் எவரையேனும் குற்றம் சாட்டி ஒரு படம் வந்தால், அதில் திரும்பி நிற்பவர் என் வீட்டாராக இருக்கக்கூடும் என்று எண்ணி, அவர் முகம் தெரியும்வரை காத்திருக்கிறேன்.