"பரவாயில்ல"ன்னா கடிக்குதுன்னு அர்த்தம்

கடையில் நின்றுகொண்டு எந்த வீடியோ கேம் கன்ட்ரோலரையும் அவர் தொட மாட்டார். முதலில் உட்கார இடம் தேடுவார். நாற்காலி கிடைத்தால் நாற்காலி, இல்லாவிட்டால் பிரிக்காத அட்டைப்பெட்டி, அதுவும் இல்லையென்றால் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் வெறுந்தரை. உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி, இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, "இப்போ குடுங்க" என்பார். விற்பனையாளர் என் முகத்தைப் பார்ப்பார். நான் மின்விசிறியைப் பார்ப்பேன்.

"சார், இது ப்ளூடூத்லயும் வேலை செய்யும், சார்ஜும் நல்லா நிக்கும்..." என்று அந்தப் பையன் ஆரம்பிப்பான்.

"அதெல்லாம் அப்புறம் தம்பி. வீட்டுல சோபாவுல சாஞ்சுக்கிட்டுத்தானே ஆடப்போறோம்? நின்னுக்கிட்டுப் பிடிச்சா எல்லாமே நல்லாத்தான் இருக்கும்." அதோடு கண்ணை மூடிக்கொள்வார். கட்டைவிரல்கள் மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். மற்ற வாடிக்கையாளர்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். எனக்கு மானம் போகும். அவருக்கு ஒன்றும் போகாது.

இவர் என் அக்காவின் கணவர். நான் அவர்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். ஸ்கூட்டர் என்னுடையது, அவருக்கு ஓட்ட வராது. அந்த ஒரே பாவத்துக்காக இந்த ஊரின் கணினிக் கடைகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம்.

மாமாவுக்குச் செருப்புக் கடையில் வேலை. குட்டை முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் காலை எடுத்துத் தன் முட்டியில் வைத்துக்கொள்ளும் வேலை. எல்லோரும் ஓர் ஆளை முகத்திலிருந்து பார்ப்பார்கள். மாமா பாதத்திலிருந்து ஆரம்பிப்பார், பாதி நேரம் முகம்வரை போய்ச் சேர்வதே இல்லை. "யாரும்மா அவரு, வலது கால் மட்டும் கொஞ்சம் பெருசா இருக்குமே" என்று என்னுடைய மேலதிகாரியைப் பற்றி ஒருமுறை கேட்டார். மறுநாள் அலுவலகத்தில் அந்த மனிதரின் காலைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு!

தொழிலில் அவருக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. காலையில் வருகிறவர்களைச் சாயங்காலம் வரச் சொல்வார். "நடந்து வேலை பார்த்துக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்ல, அப்ப போட்டுப் பாருங்க. அப்ப சரியா இருந்தாத்தான் சரி." இன்னொன்று, எப்படி இருக்கிறது என்று யாரையும் கேட்கவே மாட்டார். "கேட்டா 'பரவாயில்ல'ம்பாங்க. பரவாயில்லன்னா கடிக்குதுன்னு அர்த்தம். நம்மாளுங்களுக்கு வாய் வராதும்மா. பெரிய நம்பர் கேக்கக் கூச்சம், இன்னொரு ஜோடி எடுத்துத் தரச் சொல்லக் கூச்சம். புருவத்தைப் பார்த்தாத் தெரிஞ்சிரும்." யாராவது தாமாகவே பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் போதும், ஒரு வார்த்தை பேசாமல் கழற்றிவிட்டு உள்ளே போய் வேறு பெட்டி எடுத்து வருவார். "நீ விக்கிறதுக்கு இருக்கியா, கழட்டுறதுக்கு இருக்கியா?" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வாராம். ஆனால் அந்த முதலாளியின் வீட்டுக் கால்கள் அத்தனைக்கும் மாமாதான் செருப்பு பார்க்க வேண்டும்.

அக்கா பெண்களுக்கு முடி வெட்டுகிறாள். ஒருத்தர் தலையைப் பார்க்கிறார், ஒருத்தர் காலைப் பார்க்கிறார், நடுவில் இருக்கிற மனிதரைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் கவலையில்லை என்று நான் கிண்டல் செய்வேன். இரண்டு பேருக்கும் நாள் முழுக்க அடுத்தவர்களோடு பேசிப் பேசிச் சலித்துவிடும். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சோபாவில் விழுவார்கள். பழைய கணினியிலிருந்து நீளமாக ஒரு வயர் தொலைக்காட்சிக்குப் போகும். ஆளுக்கொரு கன்ட்ரோலர். அப்புறம் பாருங்கள் அந்த வீட்டின் சத்தத்தை.

அவர்கள் ஆடுவது ஒரே ஒரு விளையாட்டுத்தான். மஞ்சள் தொப்பிப் பொம்மை ஒன்று, பச்சைத் தொப்பிப் பொம்மை ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய பியானோவை மலை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒருவர் கையை விட்டால் பியானோ உருண்டு, இன்னொருவரையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் விழும். ஒருநாள் மாமா, "ஐயோ, அவ செத்துட்டா! அவ செத்துட்டா!" என்று போட்ட கூச்சலில் கீழ்வீட்டு வக்கீல் சட்டைகூடப் போடாமல் ஓடி வந்துவிட்டார். கதவைத் திறந்தவளே அக்காதான். அன்றிலிருந்து வக்கீல் படியில் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா, இன்னைக்கு எத்தனை தடவை?" என்பார்.

இந்தக் கூத்து ஒருநாள் நின்றது. அக்கா கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குப் போர் அடிக்குதுங்க. நீங்க ஆடுங்க, நான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றாள். கையில் ஏதாவது வலியா என்று மாமா கேட்டார். "அதெல்லாம் பரவாயில்ல" என்றாள். மாமா நம்பிவிட்டார்.

அவளுக்குப் பதில் என்னை உட்கார வைத்தார். எனக்கு எது மஞ்சள், எது பச்சை என்று புரிவதற்குள் பியானோ பள்ளத்தில் கிடக்கும். அக்கா சோபா ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தாள். கொஞ்ச நாளில் சிரிப்பும் நின்றது. விளையாட்டு நடக்கும்போது அடுப்படியில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டாள். சோபாவில் அவள் உட்காரும் இடத்தில் துவைத்த துணி குவிந்தது. வீடு கப்சிப் என்றாகிவிட்டது. கண்ணெதிரே ஒரு பழக்கம் செத்துக்கொண்டிருந்தது. கணவனும் மனைவியும் ஒருத்தரை ஒருத்தர் வாய்விட்டுத் திட்டிக்கொள்ள அவர்களுக்கு வேறு இடம் ஏது?

ஒரு சாயங்காலம் மாமா வேலையிலிருந்து நேரே மாடிக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"இன்னைக்கு ஒரு அம்மா பரவாயில்லன்னு சொன்னாங்கம்மா. என் கை தானா செருப்பைக் கழட்டிருச்சு. அப்புறம்தான் சுருக்குன்னுச்சு. யாரோ ஒருத்தங்க சொன்னா நம்ப மாட்டேங்கிறேன். வீட்டுல இவ சொன்னா நம்பிட்டேனே!"

அன்று இரவுச் சாப்பாட்டில் இரண்டு பேரும் அக்காவின் கையைப் பார்த்தோம். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். ஊறுகாய் பாட்டில் மூடியை இடுப்போடு அணைத்து இடது கையால் திருகினாள். வலது கட்டைவிரலின் அடிமூட்டு, புடைத்துக்கொண்டு நின்றது. காலமெல்லாம் கத்தரி பிடித்த விரல். கேட்டதும் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டாள். டாக்டரிடம் ஏற்கெனவே தனியாகப் போய் வந்திருக்கிறாள். மூட்டுத் தேய்மானம், அந்த விரலுக்கு வேலை குறையுங்கள் என்றாராம். "எதைக் குறைக்கிறது? கத்தரி சோறு போடுது. இந்தப் பொத்தான் போடுதா? அதான் இதை விட்டுட்டேன். இதுக்குப் போய் ரெண்டு பேரும் ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க?"

மறுநாள் காலையில் மாமா என் கதவைத் தட்டி, "வண்டியில பெட்ரோல் இருக்கா?" என்றார்.

முதல் தடவை அவரைத் தொழில்புத்தி கவிழ்த்தது. கைக்குத் தகுந்த அளவு என்று சொல்லி, இருப்பதிலேயே சின்னதான, இறகு மாதிரி லேசான கன்ட்ரோலர் ஒன்றை வாங்கிவந்தார். அக்காவுக்குச் சின்னக் கை, அதற்குச் சின்னக் கன்ட்ரோலர், செருப்புக் கணக்கு. அக்கா கொஞ்சநேரம் பிடித்துப் பார்த்தாள். சின்னதைப் பிடிக்க விரல் இன்னும் அதிகமாக மடங்க வேண்டியிருந்தது. மாமா அவள் புருவத்தைப் பார்த்தார். அவள் வாய் திறப்பதற்குள் பிடுங்கிப் பெட்டியில் போட்டுவிட்டார்.

அடுத்ததில் வேறு வம்பு. அது பருமனாக, பிடிக்க வாகாக இருந்தது. ஆனால் அமுக்கினால் பொம்மை யோசித்துவிட்டுத்தான் குதித்தது. கன்ட்ரோலரோடு வந்த, அதன் சிக்னலை வாங்கும் விரல்நுனி அளவு டாங்கிளைக் கணினியின் முதுகில், சுவரைப் பார்க்கச் செருகியிருந்தோம். "காது அந்தப் பக்கம் இருந்தா நாம பேசுறது எப்படிக் கேக்கும்?" என்று மாமா ஒரு சின்ன வயர் போட்டு அதை முன்பக்கம் இழுத்து, தொலைக்காட்சிக்குக் கீழே சோபாவைப் பார்க்க ஒட்டினார். அதோடு பொம்மை சொன்ன பேச்சு கேட்டது. இருந்தும் குதிக்க, பிடிக்க என்று எல்லாப் பொத்தான்களுக்கும் அந்த ஒரே கட்டைவிரல்தான் ஓட வேண்டியிருந்தது. அதுவும் திரும்பிப் போனது.

அப்போதுதான் அவர் அந்த வேலையைச் செய்தார். மருந்துக் கடையில் அகலமான ஒட்டுத்துணி வாங்கித் தன் வலது கட்டைவிரலை மடக்க முடியாதபடி சுற்றிக்கொண்டார். அந்தக் கையோடு கடைக்குக் கடை ஏறினார். ஒரு கடையில் பில் போடும் பெண் பதறிப்போய், "ஐயையோ, கையில என்ன சார் அடியா?" என்று கேட்டாள்.

"என் கையில ஒண்ணுமில்லம்மா. இது என் சம்சாரத்தோட கை" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு எழுந்து, தன் நாற்காலியை எடுத்து வந்து அவருக்குப் போட்டாள். நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவரோடு வந்ததற்கு மானம் போகிறது என்று அதற்குப் பிறகு நான் நினைத்ததில்லை.

அந்த நாற்காலியில்தான் கிடைத்தது. வழக்கம்போலக் கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், திடீரென்று விழித்தார். கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இதுக்கு முதுகுலயும் பொத்தான் வச்சிருக்கான்மா!" அடியில், நடுவிரலும் மோதிரவிரலும் சும்மா படிந்திருக்கும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பொத்தான்கள். குதிப்பதை ஒன்றுக்கும் பிடிப்பதை ஒன்றுக்கும் மாற்றிவிட்டால், கட்டைவிரல் ஓட வேண்டியதே இல்லை. விற்பனையாளர் அதைத்தான் முதலிலிருந்தே சொல்ல வந்ததாகவும், சார்தான் கேட்கவில்லை என்றும் சொன்னார். வாஸ்தவம்தான். மாமா அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

வீட்டுக்கு வந்து, அக்கா வருவதற்குள் பொத்தான்களை மாற்றி, உள்ளங்கையில் கிர்ரென்று வரும் அதிர்வையும் நிறுத்தி வைத்தார். துணிக் குவியலை என் தலையில் கட்டி உள்ளே அனுப்பினார். புதியதை அவள் இடத்தில் போட்டார். இது உனக்காக என்றோ, பிடித்துப் பார் என்றோ ஒரு சொல் கிடையாது. தன்னுடையதை எடுத்துக்கொண்டு தனியாக ஆட உட்கார்ந்தார். மஞ்சள் தொப்பி பியானோவைத் தள்ளும், சறுக்கும், மறுபடி தள்ளும்.

அக்கா குளித்துவிட்டு வந்து, துண்டோடு நின்று பார்த்தாள்.

"ரெண்டு பேர் தூக்குறதை ஒத்தையில தூக்கினா வருமா?"

"வரல" என்றார் மாமா.

இன்னும் இரண்டு தடவை சறுக்கியது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்தாள், எடுத்தாள். முதலில் தடுமாறினாள். முதுகுப் பொத்தான் என்று நான் மட்டும் மெல்லச் சொன்னேன். பச்சைத் தொப்பி குதித்தது. "அட" என்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். மாமா என் காலை ஒரு மிதி மிதித்தார். அவர் திரையையே பார்க்கவில்லை. அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பியானோ பாதி மலை ஏறியிருந்தது. மஞ்சள் தொப்பி கையை விட்டது. எல்லாம் உருண்டு பள்ளத்தில் விழுந்தன.

"எங்கே பராக்குப் பார்க்கிறீங்க? நல்லா ஏறிக்கிட்டிருந்தேன், கொன்னுட்டீங்களே என்னை!" அக்கா கத்திய கத்தலில், வக்கீல் வீட்டுக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"இல்லம்மா, இப்ப பார்க்கிறேன், இப்ப பார்க்கிறேன்" என்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடியும் ஏறினார்கள். அவள் திட்ட, அவர் திட்ட, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் அக்காவின் போன் அடித்தது. முடி வெட்டுகிற கடையிலிருந்து. ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

"குடு அக்கா, நீ பேசி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு கை பார்க்கிறேன்" என்று நான் கையை நீட்டினேன்.

அக்கா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கன்ட்ரோலரைத் தொடைக்கு அடியில் செருகி, அதன் மேல் நன்றாக அழுந்த உட்கார்ந்துகொண்டு, போனைக் காதில் வைத்தாள்.