இலவசக் கம்பைலரும் ஓடையோரத்து வீடும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாராவது எதையாவது சும்மா கொடுத்தால் முதலில் ஆளைத்தான் பார்ப்போம், பொருளை அப்புறம்தான். கூரைத் தகரம் இலவசமாக வந்தால் அதன் பின்னாலேயே ஒருவர் வோட்டுக் கேட்டு வருவார். அந்தப் புத்தியோடுதான் நான் ஹட்டன் டவுனில் கணினி வகுப்புக்குப் போனேன். நாம் எழுதும் நிரலைக் கணினியில் ஓடும் மென்பொருளாக மாற்றித் தருவது கம்பைலர், அதை இணையத்தில் இலவசமாகவே இறக்கலாம் என்றார் ஆசிரியர். "ஏன் சார் சும்மா குடுக்கிறாங்க?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவர் சொன்ன பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. காசு கொடுத்து வாங்க வழியில்லாததால் அதையே இறக்கிக்கொண்டேன்.

அந்த வருடம், ஒட்டி ஒட்டி ஒற்றை அறைக் காம்பராக்களாக இருந்த எங்கள் லயத்துக் குடும்பங்களுக்குத் தனி வீடுகள் கட்டி முடிந்தன. ஆளுக்கொரு வீடு உண்டு. எது யாருக்கு என்பதுதான் சிக்கல். முதல் வீடு ரோட்டோரம். கடைசி வீடு சரிவின் அடியில், ஓடையை ஒட்டி. கட்டும்போதே அதன் பின்பக்க மண் சரிந்திருந்தது. தோட்டத்தின் மேற்பிரிவில் சீட்டுக் குலுக்கியபோது அங்குள்ள தலைவரின் சொந்தக்காரர்களுக்கே ரோட்டு வீடுகள் விழுந்தன. எடுப்பவர் கைக்குச் சில்லென்று தெரியட்டும் என்று அவர்கள் பெயர்ச் சீட்டுகளை முன்பே ஐஸில் வைத்திருந்தார்களாம். அதனால் எங்கள் ஆட்கள், சீட்டே வேண்டாம், கம்ப்யூட்டர் எடுக்கட்டும் என்றார்கள். வேலை என் தலையில் விழுந்தது.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. மலையில் நாள் முழுக்கக் கொழுந்தெடுத்துவிட்டு அந்தச் சரிவிலும் ஏறி இறங்க அவரால் முடியாது. "கீழ் வீடு மட்டும் வேணாம் புள்ள" என்று கோயிலிலும் சொன்னார், என்னிடமும் சொன்னார்.

பொத்தானை அழுத்தினால் வீட்டு வரிசைப்படி பெயர்கள் வரும்படி ஒரு சின்ன மென்பொருள் செய்தேன். ஓட்டப் போனால், சந்தேகத்துக்கிடமான கோப்பு என்று சொல்லி மடிக்கணினியின் வைரஸ் காவல் தடுத்தது. என் கணினிக்கே என்மேல் நம்பிக்கை இல்லை! அனுமதி கொடுத்து ஓட்டினேன். முதல் வீடு எங்களுக்கு. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். மூடித் திறந்து மறுபடி ஓட்டினேன். மறுபடியும் எங்களுக்குத்தான். எத்தனை தடவை திறந்தாலும் ஒரு பெயர்கூட மாறாமல் அதே வரிசை.

சும்மா கொடுத்தவன் உள்ளே எதையோ ஒளித்து வைத்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே உதவிப் பக்கத்தைத் தேடினேன். காரணம் அங்கே பட்டவர்த்தனமாக இருந்தது. ஆரம்பத்தில் ஒரு வரி எழுதிக் கலைக்கச் சொல்லாவிட்டால், திறக்கும்போதெல்லாம் பெயர்களைக் குலுக்கும் கணக்கு ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குமாம். அந்த வரியை நான் எழுதவில்லை.

"அப்புடியே இருக்கட்டுமே" என்றார் அம்மா. "நீயா செஞ்ச? அதுவாதானே வருது."

ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் மேற்பிரிவுத் தலைவரை வாய் கிழியத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி. வரியை எழுதினேன். அதன்பின் வரிசை ஒவ்வொரு முறையும் மாறியது.

குலுக்கல் நாளில் எல்லோரும் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். "நீ உள்ளுக்குள்ள என்னா எழுதியிருக்கேன்னு எங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்று பக்கத்துக் காம்பரா அண்ணன் கேட்டார். எழுதியதை முழுக்கத் திரையில் காட்டினேன். எட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சந்தேகம் கூடியதுதான் மிச்சம்.

பொத்தானை அழுத்தினேன். எங்கள் பெயர் கடைசியில் வந்து நின்றது.

மண்டபமே இளகிவிட்டது. "இப்பதாம்மா நம்புறோம்" என்று அதே அண்ணன் வந்து சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. முதல் வீடு வந்திருந்தாலும் அதுவும் இதே அளவு நியாயமான குலுக்கல்தான். ஆனால் அப்போது என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள்.

இப்போது அம்மா வேலை விட்டு வரும்போது பாதிச் சரிவில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுத்தான் இறங்குகிறார். மழை பிடித்தால் பின்கதவைத் திறந்து மண்ணைப் பார்த்தபடி நிற்கிறார். போன வாரம் அப்படி நின்றவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"கலைக்கச் சொல்லித்தான் எழுதுனியா? இல்ல, ஊரு நம்பணும்னு நம்ம பேர அடியில போடச் சொல்லி எழுதுனியா?"

பதறிப்போய் மடிக்கணினியைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். அம்மா திரையை எட்டிப் பார்த்தார்.

"எனக்கு இதெல்லாம் வாசிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்தானே" என்றார்.